முதிய ஓக் மரத்தின் கொட்டையைப் பொறுக்கிக் கன்றாக்குவது: பீட்டர்மாரிட்ஸ்பர்க் தோட்டக்காரரின் குறிப்புகள்

ஓக் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற வேலைகள் எல்லாம் ஏன் அப்படிச் செய்யப்படுகின்றன என்பது தானாகப் புரியும். வெண்டை, பாகல், அவரை விதைகளைக் காயவைத்து, சாம்பலில் புரட்டி, புட்டியில் அடைத்து அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைப்பது நம் வீடுகளின் வழக்கம். ஓக் கொட்டையை அப்படி வைத்தால் ஒன்றுகூட முளைக்காது. மரத்திலிருந்து விழும்போது அதன் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் நீர் இருக்கும். அது 25 சதவீதத்தை நெருங்கும்போது உள்ளே இருக்கும் முளை இறந்துபோகும். ஓடு பளபளவென்றுதான் இருக்கும், கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆகவே பொறுக்கிய ஆண்டிலேயே, முடிந்தால் பொறுக்கிய வாரத்திலேயே, கொட்டை ஈரமண்ணுக்குள் போய்விட வேண்டும்.

நான் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், நார்த்டேல் பகுதியில் இருக்கிறேன். தாத்தா காய்கறி பயிரிட்டு விற்றவர். அப்பா பூங்காக்களில் மரம் பராமரிக்கும் வேலை பார்த்தவர். நான் வீட்டின் பின்புறத்தில் நாற்றுகள் வளர்த்து, கேட்பவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். ஓக் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு வண்டு.

ஷாட்ஹோல் போரர் என்கிறார்கள். 2 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் அது மரங்களைத் தாக்குகிறது என்று 2017-இல் தெரியவந்த இடம் நம் ஊர்த் தாவரவியல் பூங்காதான். அங்கே 1908-இல் நட்ட பிளேன் மரச்சாலை இருக்கிறதல்லவா, அந்தப் பிளேன் மரங்களில்தான் கண்டுபிடித்தார்கள். வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளையிட்டு உள்ளே போய், தன்னோடு கொண்டுவரும் பூஞ்சையைச் சுரங்கச் சுவர்களில் வளர்த்து அதைத்தான் தின்கிறது. அந்தப் பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். இங்கிலீஷ் ஓக் இந்த வண்டு குடியிருந்து இனம் பெருக்கத் தகுந்த மரம். அதனால் நோய் முற்றிய மரத்தை வெட்டுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. சாமர்செட் வெஸ்ட், ஜார்ஜ் ஆகிய ஊர்களிலும் இதே நிலைதான். வண்டு வாழ்வது கட்டையில், கொட்டையில் அன்று. அடுத்த ஆண்டு வெட்டப்படப்போகும் மரத்திலிருந்தும் இந்த ஆண்டு கொட்டை எடுக்கலாம் என்பது இதிலிருந்து கிடைக்கும் நல்ல செய்தி.

எந்த மரத்தில் எடுப்பது

நம் பக்கத்தில் தெருவோரத்திலும் பள்ளி வளாகங்களிலும் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. இங்கிலீஷ் ஓக்கின் இலை விளிம்பு வட்ட வட்டமாக வளைந்திருக்கும், இலைக்காம்பு மிகச் சிறியது, இலையின் அடியில் இரு சிறு காதுகள் போன்ற மடிப்பு உண்டு. கொட்டை நீள்வடிவம், நீண்ட காம்பில் தொங்கும். பின் ஓக்கின் இலை கூர்கூராக வெட்டுப்பட்டு, ஒவ்வொரு முனையிலும் மயிர் போன்ற முள்ளோடு இருக்கும். கொட்டை சிறியது, உருண்டை, அதன் தொப்பி தட்டையான தட்டு போன்றது. இரண்டையும் பிரித்து அறிவது அவசியம், ஏனென்றால் முளைக்கும் முறை வேறு. இங்கிலீஷ் ஓக் பூத்த ஆண்டிலேயே காய்த்து, விழுந்த சில வாரங்களில் வேர் விடத் தொடங்கும். பின் ஓக்கின் கொட்டை முதிர இரண்டு பருவங்கள் ஆகும். விழுந்த பிறகும் சில வாரக் குளிர் கிடைத்தால்தான் விழிக்கும். இனி நான் சொல்வது முதன்மையாக இங்கிலீஷ் ஓக்கைப் பற்றி.

முதிய மரம் என்றதும் முந்நூறு ஆண்டு, நானூறு ஆண்டு என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்பி எழுதிவைக்காதீர்கள். சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் இயற்கையாக ஓக் கிடையாது. நாட்டின் தென்மேற்குக் கோடியான கேப்பில் டச்சுக்காரர்கள் குடியேறிய 1652-க்குப் பிறகு நட்டவைதான் எல்லாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்ற ஊர் உருவானதே 1838-இல். ஆகவே நம் ஊர் ஓக் மரத்துக்கு 190 வயதுக்கு மேல் சொல்வது பொருந்தாது. இங்கிலாந்தில் திறந்த வெளியில் நிற்கும் ஓக்கின் சுற்றளவை அளந்து, ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டர் என்று வகுத்து வயதை மதிப்பிடுவார்கள். இங்கே மரம் அதைவிட வேகமாகப் பருக்கிறது, அந்தக் கணக்கைப் போட்டால் வயது கூடுதலாக வரும். கேப்பில் ஓக்கை நட்டவர்கள் திராட்சை மதுவுக்குப் பீப்பாய் செய்யலாம் என்று எண்ணியிருந்தார்கள். வேகமாக வளர்ந்த கட்டையில் நுண்துளை அதிகமாகி, அது பீப்பாய்க்கு உதவாமலே போனது. நிழலுக்கும் பன்றிகளுக்குக் கொட்டை போடவும்தான் பயன்பட்டது.

கேப்பில் ஓக் மரங்களைப் பெருமளவில் நடச் செய்தவர் சைமன் வான் டெர் ஸ்டெல். 1679-இல் ஸ்டெல்லன்போஷ் ஊரை ஏற்படுத்தியவர். அந்த ஊருக்கு இன்றும் ஓக் நகரம் என்றே பெயர். மொரீஷியஸ் அருகே கடலில், கப்பலிலேயே 1639-இல் பிறந்தவர் அவர். அவருடைய தாய்வழிப் பாட்டி அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஓர் இந்தியப் பெண். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வயதைவிட நலத்தைப் பாருங்கள். உச்சிக் கிளைகள் பசுமையாக இருக்கின்றனவா, அடிமரத்தில் பேனா முனை அளவுத் துளைகள் இருக்கின்றனவா, துளையைச் சுற்றிக் கரிய கசிவோ மரத்தூளோ இருக்கிறதா என்று சுற்றிவந்து பாருங்கள். துளை இருந்தாலும் கொட்டை எடுக்கலாம். ஆனால் அந்த மரத்தின் குச்சி, பட்டை, விறகு எதையும் எடுத்துவரக் கூடாது. அந்த விறகை பிராய் எனும் திறந்தவெளித் தணல் சமையலுக்கு என்று வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவதால்தான் வண்டு இத்தனை விரைவாகப் பரவுகிறது.

மரம் தனியார் இடத்திலோ பள்ளியிலோ கோயில் வளாகத்திலோ இருந்தால் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் கொட்டைதானே என்று வேலி தாண்ட வேண்டாம். கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அக்கா, என்னைப் பார்த்ததும் வாளியைத் தாமே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கொட்டையிலிருந்து வரும் கன்று தாய்மரத்தின் நகலன்று. ஓக்கின் மகரந்தம் காற்றில் வருவது, தந்தை பக்கத்துத் தெரு மரமாகவும் இருக்கலாம். ஆகையால் ஒரே மரத்தில் எல்லாவற்றையும் எடுக்காமல் ஊரில் நன்றாகத் தழைத்திருக்கும் பல மரங்களிலிருந்து எடுங்கள். வண்டையும் வறட்சியையும் தாங்கும் கன்று எந்தத் தாயிடமிருந்து வரும் என்று முன்பே சொல்ல முடியாது.

எப்போது, எப்படிப் பொறுக்குவது

நம் ஊர்க்காரர்களுக்கு நாள்காட்டி வேண்டாம். சிவ சுப்பிரமணியர், மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று தீமிதி நடக்கும் காலத்தில் ஓக் கொட்டை விழ ஆரம்பித்திருக்கும். பெரிய வெள்ளி மார்ச் கடைசியிலும் வரும், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் வரும். முன்னதாக வந்தால் சற்றுப் பொறுங்கள், பிந்தி வந்தால் தீமிதிக்கு முன்பே மரத்தடியைப் பார்த்துவிடுங்கள். கேப்பிலும் மார்ச் முதல் மே வரைதான் பருவம்.

முதலில் விழுபவற்றை விட்டுவிடுங்கள். பருவத் தொடக்கத்தில் உதிர்பவை பெரும்பாலும் புழு தின்றவை அல்லது பருப்பு நிரம்பாதவை, மரம் தானே கழித்துவிடுபவை. ஒரு வாரம், பத்து நாள் கழித்து மடமடவென்று கொட்டத் தொடங்கும்போது வரும் கொட்டைகளே நல்லவை. தொப்பியோடு சேர்ந்து விழுந்து, தொப்பி எளிதில் கழலாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் எடுக்க வேண்டாம். நன்கு முதிர்ந்த கொட்டை தொட்டதும் தொப்பியிலிருந்து விலகிவிடும். நிறம் முழுப் பழுப்பாக இருக்க வேண்டியதில்லை. பச்சை மாறிப் பழுப்பேறிக்கொண்டிருந்தாலும் போதும்.

நம் பக்கத்தில் ஏப்ரலுக்குப் பிறகு மழை நின்றுவிடும். வெயில் படும் புல்தரையிலோ சிமென்ட் நடைபாதையிலோ சில நாள் கிடந்த கொட்டை போயிற்று. ஆதலால் தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் போங்கள். காலையில் போவது நல்லது. மரத்தடியில் பழைய படுக்கை விரிப்பை விரித்துவிட்டு நீண்ட கழியால் கிளையை மெதுவாக அசைத்தால் அன்றன்றைக்கு முதிர்ந்தவை விழும். அடிக்க வேண்டாம், அடுத்த ஆண்டின் மொட்டுகள் உடையும். காற்று வீசும் நாளில் முதிய ஓக்கின் கீழே நிற்கவே வேண்டாம். உள்ளே உளுத்த பெரிய கிளை எந்த அறிகுறியும் காட்டாமல் முறிந்து விழும்.

சணல் பை அல்லது துணிப்பை கொண்டுபோங்கள். பாலித்தீன் பையில் இறுகக் கட்டிக் காருக்குள் வைத்தால், கொட்டைகள் மூச்சுவிட்டுச் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், அவர்களுக்குக் கண் கூர்மை. ஆனால் காளானைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓக் வேரோடு கூடி வாழும் மரணத்தொப்பிக் காளான், ஐரோப்பிய மரங்களோடு இந்த நாட்டுக்கும் வந்துவிட்டது. இளம்பச்சை கலந்த தொப்பி, தொப்பியின் அடியில் வெள்ளை மடிப்புகள், தண்டின் கீழே பை போன்ற உறை. பார்க்கச் சாப்பிடக்கூடிய காளான் போலவே இருக்கும். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது, கல்லீரலை அழித்து உயிரைக் குடித்துவிடும்.

மரத்தடி முழுவதையும் வழித்துக்கொண்டு வராதீர்கள். கொட்டை பெரியதாக இருந்தால் கன்றும் முதல் ஆண்டில் திடமாக இருக்கும் என்பதால் பெரியவற்றைப் பார்த்து எடுங்கள். சிறிய ஆணித்துளை உள்ளவற்றை அங்கேயே போட்டுவிடுங்கள், அந்தத் துளை உள்ளேயிருந்த புழு வெளியேறிய வழி.

வாளித் தண்ணீர்

வீட்டுக்கு வந்ததும் கொட்டைகளை வாளித் தண்ணீரில் போட்டு இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மூழ்குபவை நல்லவை. மிதப்பவற்றில் புழுவோ காற்றோ இருக்கிறது. போட்டவுடன் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சற்றே காய்ந்த நல்ல கொட்டையும் முதலில் மிதக்கும், நீர் இழுத்துக்கொண்ட பிறகு இறங்கிவிடும். காலையில் மிதந்துகொண்டிருப்பவற்றை மட்டும் நீக்குங்கள். ஊறியதால் காய்ந்துபோன ஈரமும் திரும்பக் கிடைக்கிறது, சோதனையும் முடிந்துவிடுகிறது.

மூழ்கியவற்றிலும் ஒன்றிரண்டை எடுத்துக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். பருப்பு வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ, கெட்டியாக, ஓட்டை நிரப்பிக்கொண்டு இருக்க வேண்டும். கறுத்தோ சுருங்கியோ இருந்தால் அந்த மரத்துச் சேகரிப்பு முழுவதையும் ஐயத்தோடு பாருங்கள்.

அன்றே நட முடியாவிட்டால், சற்று ஈரமான மரத்தூளிலோ தென்னை நார்க்கழிவிலோ கலந்து, வாய் முழுவதும் மூடாத பையில் போட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரம் போதும். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும். வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, பூஞ்சை பிடித்ததை எடுத்தெறிந்து, மற்றவற்றைப் புரட்டிவிடுங்கள். உள்ளே வேர் நீட்டிவிட்டால் கவலை இல்லை, வேர் முறியாமல் எடுத்து நடலாம். பின் ஓக் என்றால் இந்தக் குளிர் இரண்டு மாதமாவது வேண்டும். ஆகஸ்டில் எடுத்து நடுங்கள்.

ஈரம் காத்தால் ஓக் கொட்டை கடலும் தாண்டும். பிரான்சில், முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்தில் டெல்வில் காடு இருக்கிறது. 1916 ஜூலையில் தென்னாப்பிரிக்கப் படை அங்கே பேரிழப்பைச் சந்தித்தது, குண்டுமழையில் காடே அழிந்தது, ஒரே ஒரு ஹார்ன்பீம் மரம்தான் தப்பியது. போருக்குப் பிறகு அங்கே நினைவுச்சின்னம் எழுப்பியபோது, அதற்குச் செல்லும் சாலையில் ஃபிரான்ஷுக் பகுதியிலிருந்து கொண்டுபோன கொட்டைகளிலிருந்து வளர்த்த ஓக் மரங்களை நட்டார்கள். அந்தக் கேப் மரங்களின் வமிசமோ 1688-இல் ஹியூகனாட் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுக் குடியேறிகள் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள். நினைவுச்சின்னம் 1926-இல் திறக்கப்பட்டது. டெல்வில் காட்டு மரத்தில் செய்த சிலுவை ஒன்று நம் ஊரில் இருக்கிறது. ஜூலை மாதங்களில் அதில் பிசின் கசிவதைப் பலரும் போய்ப் பார்த்திருப்பீர்கள். அது பைன் கட்டை.

விதைப்பது

ஓக் முதலில் கீழ்நோக்கித்தான் வளரும். இலை தெரிவதற்கு முன்பே ஆணிவேர் ஒரு சாண் போய்விடும். ஆகவே அகலமான தொட்டி வேண்டாம், ஆழமான தொட்டி வேண்டும். 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் நல்லது. நான் பயன்படுத்துவது 2 லிட்டர் குளிர்பானப் பாட்டில். கழுத்தை வெட்டி, அடியில் ஐந்தாறு துளையிட்டு, வெளிச்சம் வேரைத் தாக்காதபடி கறுப்புப் பாலித்தீனால் சுற்றிவிடுவேன். பாட்டில்களைத் தரையில் வைக்காமல் கம்பித் தட்டின் மேல் வையுங்கள். துளை வழியே எட்டிப்பார்க்கும் வேர்நுனி காற்றுப்பட்டு நின்றுவிடும், மேலே பக்கவேர்கள் அதிகமாகும். தரையில் வைத்தால் வேர் மண்ணுக்குள் இறங்கி, பிறகு எடுக்கும்போது அறுந்துபோகும்.

மண், ஆற்றுமணல், நன்றாக மக்கிய இலை உரம் மூன்றையும் சமமாகக் கலந்துகொள்ளுங்கள். கோழி எரு வேண்டாம். காய்கறிக்கு அது அமிர்தம்தான், ஓக்கின் இளவேரைச் சுட்டுவிடும். நலமாக இருக்கும் ஓக் மரத்தடியிலிருந்து ஒரு கைப்பிடி மக்கிய இலைமண் எடுத்துக் கலவையில் சேருங்கள். ஓக் வேருக்கு நீரும் சத்தும் சேர்த்துக்கொடுக்கும் நல்ல பூஞ்சைகள் அந்த மண்ணில் இருக்கும். நோயுற்ற மரத்தடியிலிருந்து எடுக்க வேண்டாம்.

கொட்டையைப் படுக்கவைத்து நடுங்கள். கூர்முனையிலிருந்து வேர் வந்து தானே கீழே திரும்பிக்கொள்ளும். நிமிர்த்தி வைக்க முயன்று எது தலை எது கால் என்று தடுமாற வேண்டியதில்லை. மேலே 2 அல்லது 3 சென்டிமீட்டர் மண் போதும். அதற்கும் மேலே காய்ந்த இலையைப் பரப்புங்கள்.

இங்கேதான் நம் ஊருக்கும் கேப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கேப்பில் குளிர்காலத்தில் மழை. நட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நமக்கு மே முதல் ஆகஸ்டு வரை மழை கிட்டத்தட்ட இல்லை, ஆகஸ்டில் மலையிலிருந்து இறங்கும் பெர்க் காற்று ஒரே நாளில் மண்ணை வறட்டிவிடும். மேலே ஒன்றும் முளைக்கவில்லையே, எதற்கு வெறும் மண்ணுக்குத் தண்ணீர் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாட்களில் உங்கள் பாட்டிலின் அடித்துளையைப் பாருங்கள், வெள்ளை வேர்நுனி தெரியும். மேலே பச்சை எதுவும் இருக்காது. வாரம் இரண்டு முறை, பெர்க் காற்று நாட்களில் தினமும், மண் நனைய நீர் ஊற்றுங்கள். ஊற்றிய நீர் அடியில் வடிந்து போக வேண்டும். தேங்கினால் வேர் அழுகும். பனி விழும் இரவுகளைப் பற்றி அஞ்ச வேண்டாம், அந்தக் குளிர் ஓக்குக்கு வேண்டியதே.

புரட்டாசி விரதம் தொடங்கும் நாட்களில் தண்டு மண்ணைப் பிளந்து வரும். முதலில் சிவந்த சிறு தண்டு, பிறகு நான்கைந்து இலைகள். அதோடு நின்றுவிட்டது போலத் தோன்றும். கவலைப்படாதீர்கள். ஓக் ஒரே சீராக வளர்வதில்லை, ஒரு வளர்ச்சி, ஓர் ஓய்வு, மறுபடி ஒரு வளர்ச்சி என்றுதான் போகும். முதல் கோடையில் ஒரு முழ உயரம் வந்தால் மிகவும் நல்லது.

டர்பன் கடலோரத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். அந்த வெக்கையிலும் உப்புக்காற்றிலும் இங்கிலீஷ் ஓக்கை வளர்க்க நான் சொல்லமாட்டேன். ஹில்டன், ஹோவிக் போன்ற மேட்டுப் பகுதிகளே அதற்கு ஏற்றவை.

குரங்கு, எலி, சாம்பல் நோய்

கேப்டவுன்காரர்களுக்குச் சாம்பல் அணில் தொல்லை. செசில் ரோட்ஸ் கொண்டுவந்து விட்ட அந்த அணில் அங்கே ஓக் கொட்டையை நம்பியே பெருகியது. நமக்கு வெர்வெட் குரங்கு. விதைத்த அன்றே தோண்டும் என்று மட்டும் எண்ணாதீர்கள். முளைத்து இலை விட்ட பிறகும் கன்றைப் பிடுங்கி, அடியில் மிச்சமிருக்கும் பருப்பைத் தின்றுவிட்டுத் தண்டை எறிந்துவிட்டுப் போகும். எலியும் இதையே செய்யும், இரவில். ஹடீடா பறவை தின்னாது, ஆனால் புழு தேடி நீண்ட அலகால் மண்ணைக் குத்திக் கொட்டையை வெளியே தள்ளிவிடும்.

இதற்கு மருந்து இல்லை, கூண்டுதான். எலி நுழையாத நெருக்கமான கம்பி வலையை மேலும் கீழும் நான்கு பக்கமும் சுற்றி, மூடியைக் கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். கல்லை வைத்து மூடினால் குரங்கு கல்லை எடுத்துவிடும். கன்று இரண்டாம் முறை இலை விட்டு, அடியிலிருக்கும் கொட்டை வெறும் ஓடாகும் வரை கூண்டை அகற்றாதீர்கள்.

டிசம்பர், ஜனவரி ஈரப்பதத்தில் இலைமேல் திருநீறு தூவியது போல வெண்பொடி படரும். அது சாம்பல் நோய். நெருக்கமாக வைத்த கன்றுகளில்தான் அதிகம். இடைவெளி விட்டு வையுங்கள், மாலையில் இலைமேல் நீர் ஊற்றாதீர்கள், காலையில் அடிமண்ணில் ஊற்றுங்கள். மிகுந்தால் கந்தகத் தூளைக் குளிர்ந்த காலை வேளையில் தூவலாம். முதிய மரத்துக்கு இந்த நோய் ஒன்றும் செய்யாது, முதல் ஆண்டுக் கன்றைத்தான் நிறுத்திவிடும்.

எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது

நான் ஓக்கை விரும்புகிறேன், ஆனால் எல்லா இடத்திலும் நடச் சொல்லமாட்டேன். இது இந்த மண்ணின் மரம் அன்று. ஆற்றங்கரையில், ஓடையோரத்தில், மூடுபனி படியும் மேட்டுப் புல்வெளிகளில், யெல்லோவுட் காடுகளின் அருகில் ஒரு கொட்டைகூடப் போடாதீர்கள். வெள்ளம் கொட்டையை உருட்டிக்கொண்டு போய்க் கரையெல்லாம் முளைக்கவைக்கும். அந்த இடங்களுக்கு உரியது யெல்லோவுட் போன்ற நாட்டு மரம். முதிய ஓக் விழுந்த அல்லது விழப்போகிற இடத்துக்கு, பள்ளி முற்றத்துக்கு, சாலையோரத்துக்கு, கோயில் வளாகத்தில் நிழலில்லாத மூலைக்குத்தான் ஓக் கன்று. மாடோ குதிரையோ மேயும் நிலத்திலும் வேண்டாம். கொட்டையையும் தளிரையும் அளவுக்கு மீறித் தின்றால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

சுவரிலிருந்தும் சாக்கடைக் குழாயிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி நடுங்கள். மின்கம்பிக்குக் கீழே நட்டால் இருபது ஆண்டு கழித்து யாராவது அதன் தலையைக் கொய்துவிடுவார்கள்.

கன்றை இடம் மாற்றுவதற்கு அக்டோபர், நவம்பரில் முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகான நாட்கள் ஏற்றவை. ஒன்றரை வயதுக் கன்று போதும். பெரிதாக்கி நடலாம் என்று மூன்று நான்கு ஆண்டு பாட்டிலிலேயே வைத்திருந்தால் ஆணிவேர் சுருண்டு, பிறகு எவ்வளவு நல்ல இடத்தில் வைத்தாலும் மரம் உறுதியாக நிற்காது. நம் களிமண்ணில் வட்டக்குழி தோண்டினால் அதன் சுவர் மட்பாண்டம் போல் இறுகிக்கொள்ளும், வேர் உள்ளேயே சுற்றும். சதுரமாகத் தோண்டி, பக்கச் சுவர்களைக் கடப்பாரையால் கீறிவிடுங்கள். எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள், குழிக்குள் உரம் நிரப்ப வேண்டாம். வேரும் தண்டும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். சுற்றிலும் மரச்சீவலோ காய்ந்த புல்லோ ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் ஒரு கையகலம் வெறுமையாக விடுங்கள். மழை தவறும் வாரங்களில் ஒரு வாளித் தண்ணீர், முதல் இரண்டு குளிர்காலங்களில் தவறாமல் வாரம் ஒரு வாளி.

பொது இடத்தில் வைத்த கன்றுகளைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி அன்று, புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூல். அது ஒரு சுற்றுச் சுற்றினால் அடிப்பட்டை உரிந்துவிடும், கன்று அந்தக் கோடையைத் தாண்டாது. பிளாஸ்டிக் வடிகால் குழாயை ஒரு முழம் வெட்டி, நெடுக்கே பிளந்து, தண்டைச் சுற்றி மாட்டிவிடுங்கள். புல் வெட்ட வரும் தம்பியிடம் ஒருமுறை போய்ப் பேசிக் கன்றைக் காட்டிவிடுவது குழாயைவிட நல்ல காவல். குழாயைத் தண்டு பருக்கப் பருக்கத் தளர்த்திவிட மறக்காதீர்கள்.

மூன்றாம் ஆண்டில் தலைமைத் தண்டு இரண்டாகப் பிரிந்திருந்தால் குளிர்காலத்தில் ஒன்றை வெட்டிவிடுங்கள். கீழ்க்கிளைகளை அவசரப்பட்டுக் கழிக்க வேண்டாம், தண்டைப் பருக்கவைப்பவை அவைதான்.

கன்றை யாருக்குக் கொடுத்தாலும் ஒரு சீட்டு எழுதிக் கட்டிக்கொடுங்கள். தாய்மரம் நின்ற இடம், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அதன் சுற்றளவு, கொட்டை எடுத்த மாதமும் ஆண்டும், சுற்றியிருந்த மற்ற ஓக் மரங்களின் வகை, அன்று தாய்மரத்தில் வண்டுத் துளை இருந்ததா இல்லையா. மையால் எழுதினால் ஒரு மழையில் போய்விடும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதுங்கள். காலிக் குளிர்பானக் கேனை வெட்டினால் தகடு கிடைத்துவிடும். அதன் விளிம்பைக் கத்தரியால் மழுக்கி, தண்டில் கட்டாமல் பக்கத்தில் ஒரு குச்சியில் கட்டுங்கள்.